காயின் மோடு நம்ம ஊர் காசுக்கு செட் ஆகாதுங்க

மெட்டல் டிடெக்டர் வாங்கி ஆன் பண்ணின உடனே எல்லாரும் கண்ண மூடிக்கிட்டு போடுறது காயின் மோடு தான். பேரே காயின்னு இருக்கு, நாம தேடுறதும் காசு தான், இதுல யோசிக்க என்ன இருக்குன்னு தோணும். ஆனா அந்த மோடு யார் ஊர் காசுக்காக பண்ணினதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சு பாருங்க. அமெரிக்காக்காரன் பாக்கெட்ல இருந்து விழுற டைம், குவார்ட்டர், பென்னிங்கற சில்லறை, அந்த ஊர் வெள்ளி, அந்த ஊர் செம்பு, அதுக்கெல்லாம் எந்த நம்பர் வரும்னு பாத்து அத மட்டும் கேக்க விட்டுட்டு மத்ததெல்லாம் குப்பைன்னு ஒதுக்கி வச்சிருக்காங்க. யூடியூப்ல வர்ற டிப்ஸும் அப்படித்தான், இங்கிலாந்துல உழுத வயல்ல நின்னுட்டு பேசுறாங்க, மண்ணு கருப்பா புட்டு மாதிரி உதிருது. நம்ம கோத்தகிரி பக்கம் செம்மண்ணுல, தேயிலை சரிவுல, பனிமூட்டத்துல நிக்கிறவனுக்கு அதுல பாதி ஒத்து வராது.

காசுல இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா செட்டிங்ஸ் மொத்தமும் அதுல தான் இருக்கு. டிடெக்டர் அடியில இருக்கிற வட்டத் தட்டு தான் காயில், அதுல இருந்து ஒரு காந்தப்புலம் கீழ போகுது, மண்ணுக்குள்ள உலோகம் இருந்தா அதுல சின்னதா கரண்ட் சுத்தும், அந்த கரண்ட் திருப்பி ஒரு புலத்த அனுப்பும், அது எவ்வளவு லேட்டா வருதுங்கறத வச்சுதான் மெஷின் இது இரும்பு, இது ஃபாயில், இது வெள்ளின்னு ஒரு நம்பர் காட்டுது. நல்லா கரண்ட் கடத்துற வெள்ளியும் செம்பும் நம்பர் மேல போகும், இரும்பு கீழ உக்காரும், மத்ததெல்லாம் நடுவுல.

இப்ப நம்ம காச பாருங்க. கம்பெனி காலத்து 1835 காலணா செம்பு, அது எந்த மெஷின்லயும் நல்லா மேல தான் வரும். 1943-ல இருந்து 47 வரைக்கும் அடிச்ச ஓட்டை காசு வெண்கலம், அதுவும் பரவால்ல. ஆனா யுத்த காலத்துல அடிச்ச சதுர அரையணா, ரெண்டணா எல்லாம் நிக்கல் பித்தளை, அது கரண்ட் சரியா கடத்தாது, நம்பர் நடு ரேஞ்சுக்கு கீழ இறங்கிடும், அதாவது கூல்டிரிங்க்ஸ் டின் மேல இழுக்கிற வளையமும் சிகரெட் பாக்கெட் ஃபாயிலும் வர்ற இடத்துக்கு. செம்பும் நிக்கலும் கலந்த குப்ரோ நிக்கல்ல வந்த ஓரணா, அப்புறம் நம்ம சின்ன வயசுல பாத்த 25 பைசா, 50 பைசா, கனமான ஒத்த ரூபா எல்லாம் அதே ஏரியா தான். 1964-ல இருந்து வந்த அலுமினியம் காசு, அந்த அறுகோண 3 பைசா, சதுர 5 பைசா, பூ மாதிரி 10 பைசா, இதெல்லாம் சைஸ பொறுத்து ஃபாயில் பக்கத்துல இருந்து நடு வரைக்கும் எங்க வேணா வரும்.

இதவிட கூத்து நிக்கல் காசு. புலி போட்ட 1947 ஒத்த ரூபா, அப்புறம் நயா பைசா காலத்து 25, 50 எல்லாம் சுத்த நிக்கல். நிக்கல் காந்தத்துல ஒட்டும், அதனால டிடெக்டர் அத இரும்புன்னே நெனச்சுக்கும், இல்லன்னா நம்பர் ஒரு இடத்துல நிக்காம மேலயும் கீழயும் குதிக்கும். இப்ப நம்ம பர்ஸ்ல இருக்கிற ஒத்த ரூபா ரெண்டு ரூபா ஸ்டீலும் காந்தத்துல ஒட்டுறது தான், அதுவும் அதே கதை.

ஆக காயின் மோடு போட்டு இரும்ப ஒதுக்கி, ஃபாயில ஒதுக்கி, டின் வளையத்த ஒதுக்கினீங்கன்னா கடந்த நூறு வருஷத்துல இந்த மலையில கீழ விழுந்த காசுல முக்காவாசி உங்க காதுக்கே கேக்காது. மெஷின் கிட்ட "இந்திய காசு வேணாம்"னு சொல்லிட்டு தேடப் போற மாதிரி. அதனால நான் ஆல் மெட்டல் தான் போடுவேன், எதையும் ஒதுக்க மாட்டேன், ஆனா இரும்பு சத்தத்த மட்டும் வால்யூம் குறைச்சு வச்சுக்குவேன். இரும்பு வால்யூம்னு தனியா ஒரு செட்டிங் இப்ப வர்ற பல மெஷின்ல இருக்கு, இருந்தா அத முழுசா ஆஃப் பண்ணாதீங்க, தூரத்துல யாரோ முனகுற மாதிரி லேசா கேக்கற அளவு வையுங்க. எந்த இடத்துல இரும்பு கூட்டமா இருக்குன்னு தெரிஞ்சா தான் அங்க பழைய வீடு இருந்துச்சுன்னு தெரியும், வீடு இருந்த இடத்துல தான் காசு விழுந்திருக்கும். இரும்ப மொத்தமா ஊமையாக்கிட்டா அந்த துப்பும் போச்சு.

இத நம்ப வேணாம், நீங்களே செஞ்சு பாருங்க. பிளாஸ்டிக் ஸ்டூல் மேல காயில கவுத்து வச்சு, வீட்ல பாட்டி சுருக்குப்பை, உண்டியல், சாமி ரூம் டப்பா எல்லாத்துலயும் இருக்கிற பழைய காச ஒவ்வொண்ணா மேல காட்டி வர்ற நம்பர ஒரு நோட்ல எழுதி வைங்க, பக்கத்துலயே மாத்திரை அட்டை, சோடா மூடி, குவார்ட்டர் பாட்டில் மூடி, தேயிலை செடி வெட்டுற கவாத்து கத்தி ஒடஞ்ச துண்டு, ஆணி இதுக்கும் எழுதிக்குங்க. எது எதோட மோதுதுன்னு அப்ப தெரியும். குவார்ட்டர் பாட்டில் அலுமினிய மூடி நசுங்காம முழுசா இருந்தா என் மெஷின்ல நல்ல காசு மாதிரியே இனிமையா பாடும், அதுக்கு மட்டும் இன்னிக்கு வரைக்கும் எந்த செட்டிங்கும் மருந்து கண்டுபிடிக்கல, டாஸ்மாக் இருக்கிற வரைக்கும் தோண்டித்தான் ஆகணும்.

ஆனா ஸ்டூல் மேல கேக்குறது வேற, மண்ணுக்குள்ள கேக்குறது வேற. நம்ம மலை சார்னோகைட் பாறை, அது மக்கி மக்கி வந்த செம்மண், லேட்டரைட், இரும்பு ஆக்சைடு அளவுக்கு மேல கெடக்கு, அந்த செவப்பே அதுதான். மெஷினுக்கு மண்ணே ஒரு பெரிய டார்கெட் மாதிரி தெரியும். இதுக்குத்தான் கிரவுண்ட் பேலன்ஸ், மண்ணால வர்ற சத்தத்த கழிச்சிடுற செட்டிங். நம்ம ஊர்ல இத விட முக்கியமான செட்டிங் வேற கிடையாது, ஆனா பாதி பேர் கடையில இருந்து வந்த டீஃபால்ட்லயே ஓட்டிட்டு இருப்பாங்க.

முதல்ல இரும்பு துண்டு எதுவும் இல்லாத ஒரு இடம் தேடணும், காயில ஆட்டி பாத்து சத்தம் எதுவும் வரலன்னா அங்க நின்னு, பட்டன அழுத்தி பிடிச்சுக்கிட்டு காயில ஒரு அடி உயரத்துல இருந்து தரைய ஒட்டி கிட்டத்தட்ட தொடற வரைக்கும் மேலயும் கீழயும் பம்ப் பண்ணணும், தரைய பாத்து நேரா, சாய்க்காம. சத்தம் அடங்கினதும் விடணும். கையாலயே பேலன்ஸ் பண்ற மெஷின்னா காயில தூக்கும்போது சத்தம் வருதா, இறக்கும்போது சத்தம் வருதான்னு கேட்டு ரெண்டும் சமமாகுற வரைக்கும் நம்பர நகர்த்தணும். இத காலைல ஒரு தடவ பண்ணிட்டு சாயங்காலம் வரைக்கும் ஓட்ட முடியாதுங்க. தேயிலை சரிவுல செம்மண், அதுக்கு கீழ ஓடை பக்கம் வந்தா சேறும் கருப்பு மண்ணும், வீட்டு பக்கம் வந்தா சாம்பலும் அடுப்புக்கரியும் சேர்ந்த மண்ணு, நூறு அடிக்குள்ள மூணு மண்ணு மாறும். மண்ணு கலர் மாறினா திரும்ப பம்ப் பண்ணு, இதான் கணக்கு.

டிராக்கிங்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், மெஷின் தானா மண்ண பாத்து பாத்து மாத்திக்கும். சரிவுல நடந்துக்கிட்டே தேடும்போது நல்லா இருக்கும், ஆனா ஒரு சிக்னல் மேலயே நின்னு திரும்ப திரும்ப ஆட்டிட்டு இருந்தீங்கன்னா அந்த லேசான சிக்னலையும் மண்ணுன்னு நெனச்சு அமுக்கிடும். அதனால ஆழமா சின்னதா ஒண்ணு கேட்டா டிராக்கிங்க ஆஃப் பண்ணிட்டு பாருங்க.

அடுத்தது சென்சிட்டிவிட்டி. இதுல தான் எல்லாருக்கும் பேராசை. முழுசா ஏத்தினா ஆழமா போகும்னு நெனப்பு. செம்மண்ணுல முழுசா ஏத்தினா மெஷின் மண்ண பாத்தே கத்திட்டு இருக்கும், அந்த கத்தல்ல காசு சத்தம் எங்க கேக்கும்? நான் பண்றது என்னன்னா முதல்ல ஏத்திட்டே போவேன், எங்க சடசடன்னு பேச ஆரம்பிக்குதோ அங்க இருந்து ரெண்டு பாயிண்ட் குறைச்சிடுவேன். எங்க சித்தப்பா தோட்டத்துல முக்கால்வாசிக்கு கொஞ்சம் கீழ தான் எப்பவும் நிக்கும். ஆழத்த பத்தி நிறைய பொய் சுத்துது, பத்தடி, இருபதடின்னு. கைல பிடிச்சு ஆட்டுற மெஷின், நார்மல் காயில், ஒத்த காசுன்னா நல்ல மண்ணுலயே ஆறு ஏழு இன்ச் தான், நம்ம செம்மண்ணுல அதுக்கும் கம்மி. அந்த ஆழத்துக்குள்ளயே நூறு வருஷ சமாச்சாரம் கெடக்கு, கவலைப்படாதீங்க.

இந்த சடசட எல்லாமே மண்ணோட வேலை கிடையாது, அத பிரிச்சு பாக்க கத்துக்கணும். காயில தரைய விட்டு இடுப்பு உயரத்துக்கு தூக்கி ஆட்டாம பிடிங்க. அப்பவும் கத்துதுன்னா அது கரண்ட். நீலகிரில பைக்காரா, குந்தான்னு அத்தன பவர் ஹவுஸ், ஹை டென்ஷன் லைன் போகாத மலையே கிடையாது, டவர் லைனுக்கு நேர் கீழ நின்னா எந்த மெஷினும் பைத்தியம் பிடிச்ச மாதிரி தான் இருக்கும். நாய்ஸ் கேன்சல் இல்லன்னா ஃபிரிக்வென்சி ஷிஃப்ட்னு இருக்கும், அத போட்டு சேனல் மாத்தி பாருங்க, அப்பவும் அடங்கலன்னா சென்சிட்டிவிட்டி குறைக்கறது தான் வழி. பாக்கெட்ல இருக்கிற போன ஃபிளைட் மோட்ல போடுங்க, அதுலயே பாதி பேருக்கு பிரச்சனை தீந்துடும். இன்னொண்ணு நம்ம ஊருக்கே உரியது, காட்டெருமைக்கும் பன்னிக்கும் போட்டிருக்கிற சோலார் வேலி. ஒரு செகண்டுக்கு ஒரு தடவ டிக்... டிக்... டிக்குன்னு கடிகாரம் மாதிரி ஒரே தாளத்துல சத்தம் வந்துச்சுன்னா மண்ண தோண்டாதீங்க, பக்கத்து தோட்டத்துக்காரர் கிட்ட போய் "அண்ணா, ஒரு மணி நேரம் வேலிய ஆஃப் பண்றீங்களா"ன்னு கேளுங்க. பகல் நேரத்துல பெரும்பாலும் சரின்னு தான் சொல்லுவாங்க.

சரி, ஒரு இடத்த வச்சு சொன்னா தான் இதெல்லாம் புரியும். சித்தப்பாவோட தேயிலை தோட்டத்துல கீழ் மூலையில தோட்டத் தொழிலாளிங்க வரிசையா குடியிருந்த பழைய லைன் வீடு ஒண்ணு இருந்துச்சு, நான் பொறக்குறதுக்கு முன்னாடியே இடிஞ்சு போச்சு, இப்ப அடித்தளக் கல்லு ரெண்டு வரிசை தான் வெளிய தெரியும், மீதி எல்லாம் புதர். கவாத்து அடிச்ச வருஷம் தான் அங்க காயில் நுழையும், மத்த நேரத்துல செடி இடுப்பு வரைக்கும் பின்னிக்கிட்டு நிக்கும். அந்த இடம் பூரா ஆணி, தகர துண்டு, கொக்கி. ஆல் மெட்டல்ல போட்டா ஒரே முனகல், இடைவெளியே கிடையாது.

இங்க ரெண்டு விஷயம் மாத்தணும். ஒண்ணு ரிகவரி ஸ்பீடு, சில மெஷின்ல ரியாக்டிவிட்டின்னு போட்டிருக்கும். ஒரு பொருள பாத்துட்டு அடுத்த பொருள பாக்க மெஷின் எவ்வளவு சீக்கிரம் ரெடியாகுதுங்கறது தான் அது. குறைவா வச்சா ஆழம் கொஞ்சம் கூடும், ஆனா ஆணிக்கு பக்கத்துல காசு இருந்தா ரெண்டையும் சேத்து ஒரே ஆணியா காட்டும். கூட்டி வச்சா ஆழம் கொஞ்சம் குறையும், ஆனா ஆணி, காசு, ஆணின்னு மூணையும் தனித்தனியா பிரிச்சு கேக்கலாம். வீடு இருந்த இடத்துல கூட்டி வையுங்க, வெறும் புல்லு மேட்டுல குறைச்சு வையுங்க. ரெண்டாவது சின்ன காயில். பெரிய காயில் ஒரே நேரத்துல நாலு ஆணிய பாக்கும், ஆறு இன்ச் சின்ன காயில் ஒண்ண ஒண்ணா பாக்கும், செடி தூருக்கு நடுவுலயும் அதுதான் நுழையும். ஒரு எக்ஸ்ட்ரா காயில் வாங்க காசு இருந்தா பெருச விட்டுட்டு சின்னத வாங்குங்க, நம்ம ஊர் இடத்துக்கு அதுதான் லாயக்கு.

அப்படி போட்டுட்டு மெதுவா, ரொம்ப மெதுவா ஆட்டிட்டு வரும்போது முனகல் முனகல் முனகல், நடுவுல சின்னதா ஒரு "டிங்". அவ்வளவு தான், ஒரு பக்கம் ஆட்டும்போது மட்டும் வந்துச்சு, திரும்பி வரும்போது இல்ல. அப்படியே நின்ன இடத்துலயே காலால கால் வட்டம் சுத்தி வந்து வேற திசையில இருந்து ஆட்டினா ரெண்டு பக்கமும் டிங் டிங்னு கேட்டுச்சு. இது ஒரு நல்ல டெஸ்ட். பெரிய தகரம், லாடம், வளையம் மாதிரி இரும்பு சில நேரம் வெள்ளி மாதிரி உச்ச சத்தம் கொடுத்து ஏமாத்தும், ஆனா திசைய மாத்தி ஆட்டினா நம்பர் உடைஞ்சு கீழ இரும்புக்கு ஓடிடும், இல்லன்னா பின்பாயிண்ட் போட்டு சரியான இடத்த பாக்கும்போது சத்தம் வந்த இடம் வேற, பொருள் இருக்கிற இடம் வேறயா காட்டும். காசுன்னா எந்த பக்கம் இருந்து ஆட்டினாலும் நம்பர் பெருசா மாறாம ஒரே இடத்துல நிக்கும். களைக்கொத்தியால ஒரு பக்கம் மட்டும் வெட்டி மண்ண மூடி மாதிரி திருப்பி வச்சு பாத்தா, மொதல்ல ஒரு வளஞ்ச ஆணி, அதுக்கு கீழ ரெண்டு விரல் ஆழத்துல பச்சை ஏறின ஒரு வளையம். வாஷர்னு தான் நெனச்சேன், மண்ண விரலால தள்ளினா ஓட்டைய சுத்தி கொடி மாதிரி பூ வேலைப்பாடு, திருப்பினா மேல கிரீடம். ஓட்டை காசு. சித்தப்பா வாங்கி வெயில்ல பிடிச்சு பாத்துட்டு "இதுக்காடா காலைல இருந்து இந்த தவம்"னு கேட்டார், ஆனா குடுக்க சொன்னப்ப குடுக்கல, இப்ப அவர் சாவிக்கொத்துல தொங்குது.

சரிவுல ஆட்டுறத பத்தி ஒரு வார்த்தை. மேல இருந்து கீழன்னு ஆட்டாதீங்க, சரிவுக்கு குறுக்க ஆட்டுங்க, அப்பதான் காயில் தரையோட ஒரே உயரத்துல இருக்கும். ஸ்விங் முடியிற இடத்துல எல்லாரும் தன்னால தூக்கிடுவாங்க, அங்க தான் சிக்னல் தவறிப் போகுது. ஒவ்வொரு ஸ்விங்கும் முன்னத பாதியாவது மூடணும். தேயிலை தூர்ல காயில் இடிச்சா பொய் சத்தம் வரும், அத கண்டுக்காதீங்க.

மழை பேஞ்சு ரெண்டு நாள் ஆன மண்ணு தான் நல்ல மண்ணு. ஈரம் இருந்தா காசு சத்தம் கொஞ்சம் தெளிவா வருது, தோண்டவும் சுலபம், பொத்தல மூடினாலும் மண்ணு ஒட்டிக்கும். ஜனவரி பிப்ரவரில உறைபனியும் வெயிலும் சேர்ந்து மண்ணு கல்லு மாதிரி ஆகிடும், அப்ப சும்மா இருங்க. மழை நடுவுல போகாதீங்க, காயில் நனையலாம், ஆனா மேல இருக்கிற டப்பா பல மெஷின்ல நனையக் கூடாது. அப்புறம் விடியக்காலையிலயும் இருட்டுறப்பவும் தோட்டத்துல ஹெட்போன் போட்டுக்கிட்டு தலைய குனிஞ்சு நிக்கிறது கோத்தகிரில நல்ல யோசனை கிடையாது, கரடி வரும். ஹெட்போன் இருந்தா தான் லேசான சிக்னல் கேக்கும், வாஸ்தவம், அதனால கூட ஒருத்தர் காதும் கண்ணும் திறந்து நிக்கட்டும்.

ஃபிரிக்வென்சி, அதாவது காயில் அனுப்புற புலம் செகண்டுக்கு எத்தன தடவ மாறுதுங்கறது, அத பத்தி நிறைய பேர் கேக்குறாங்க. கம்மி கிலோஹெர்ட்ஸ், அஞ்சு ஆறு மாதிரி, பெரிய செம்பு வெள்ளிக்கு நல்லது, அதிக கிலோஹெர்ட்ஸ், பதினஞ்சு இருபது, சின்ன, கரண்ட் சரியா கடத்தாத பொருளுக்கு நல்லது. நம்ம காசுல பாதி கடத்தாத ரகம்ங்கறதால சிங்கிள் ஃபிரிக்வென்சி மெஷின்னா 12-ல இருந்து 15 கிட்ட இருக்கிறது நமக்கு போதும். மல்டி ஃபிரிக்வென்சி வாங்க முடிஞ்சா செம்மண்ணுல அது அடங்கி நிக்கும், சந்தேகம் இல்ல, ஆனா விலையும் அப்படி. பல்ஸ் இண்டக்ஷன்னு ஒண்ணு இருக்கு, மண்ண பெருசா கண்டுக்காது, ஆனா ஆணிக்கும் காசுக்கும் வித்தியாசமும் சொல்லாது, லைன் வீட்டு மண்ணுல அத எடுத்துட்டு போனா நாள் பூரா ஆணி தான் பொறுக்கணும்.

இன்னொரு இடம் சொல்றேன். பக்கத்துல ஒரு அக்கா வீடு, அவங்க குடும்பம் 1964 சாஸ்திரி ஸ்ரீமாவோ ஒப்பந்தத்துக்கு அப்புறம் சிலோன்ல இருந்து வந்தவங்க, இந்த மலையில கூடலூர், கோத்தகிரி, குன்னூர்னு அப்படி வந்து தேயிலையில வேலைக்கு சேந்த குடும்பம் ஏராளம். பின்பக்கம் துணி துவைக்கிற கல்லு பக்கம் தேடட்டுமான்னு கேட்டேன், "தேடிக்கோ தம்பி, என் மூக்குத்தி கெடச்சா மட்டும் குடுத்துடு"ன்னாங்க. துவைக்கிற கல்லு எப்பவுமே நல்ல இடம், பாக்கெட்ல இருக்கிறது எல்லாம் அங்க தான் விழும். நம்பர் நடுவுக்கு கீழ, காயின் மோட்ல இருந்திருந்தா மெஷின் வாயே திறந்திருக்காது, ஆனா எந்த பக்கம் ஆட்டினாலும் நம்பர் ஒண்ணு கூட அசையல. ஃபாயில்னா கசங்கி இருக்கிறதால நம்பர் இப்படி அப்படி ஓடும், உருண்டையா சதுரமா அடிச்ச பொருள்னா அசையாது, இந்த ஒரு விஷயத்த காதுல ஏத்திக்கிட்டா ஃபாயில் ரேஞ்சுல தைரியமா தேடலாம். எடுத்து பாத்தா முனை மழுங்கின சதுரக் காசு, மஞ்சளும் கருப்பும் கலந்து. நம்ம அரையணா மாதிரியே இருந்துச்சு, தண்ணில அலசினா சிலோன்னு எழுத்து. அக்காவோட அம்மா, எம்பது தாண்டினவங்க, வாசப்படில உக்காந்து கைல வாங்கி தடவியே பாத்துட்டு "இது அஞ்சு சதம். எங்க அப்பா இடுப்பு வார்ல வச்சிருந்தது இது மாதிரி தான்"னாங்க. அப்புறம் அரை மணி நேரம் டிடெக்டர ஆஃப் பண்ணி வச்சிட்டு ராமேஸ்வரத்துல இறங்கினது, மண்டபம் கேம்ப்ல நின்ன வரிசைன்னு அவங்க சொல்ல சொல்ல கேட்டுட்டு இருந்தேன். மூக்குத்தி இன்னும் கெடைக்கல. தங்க மூக்குத்தி மாதிரி பொடி சாமான் ஃபாயிலுக்கும் கீழ இரும்பு பார்டர்ல தான் வரும், அதுக்கு சென்சிட்டிவிட்டி ஏத்தி, சின்ன காயில் போட்டு, ரெண்டு இன்ச்சுக்குள்ள கேக்குற எல்லாத்தையும் தோண்டணும், பொறுமை இருந்தா மட்டும்.

இப்ப கசப்பான பகுதி. மெஷின் கைல இருக்குன்னு மலை பூரா சுத்த முடியாது. 1878-ல போட்ட புதையல் சட்டம் இன்னும் உயிரோட தான் இருக்கு. மண்ணுக்குள்ள மறைஞ்சு கெடக்கிற, பத்து ரூபா மதிப்புக்கு மேல உள்ள எது கெடச்சாலும் என்ன, எங்க, எப்பன்னு கலெக்டருக்கு எழுத்துல தெரிவிக்கணும், மறைச்சா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் போகலாம். அந்த பத்து ரூபா அப்படியே தான் இருக்கு, யாரும் மாத்தல. நிலம் சொந்தமா இருந்தாலும் இது பொருந்தும். ரிசர்வ் ஃபாரஸ்ட், சோலை, முதுமலை பக்கம் எல்லாம் நெனச்சே பாக்காதீங்க, வனத்துறை உங்கள வேட்டைக்காரன்னு தான் நெனைக்கும். வெலிங்டன், அருவங்காடு ஏரியா மிலிட்டரி, காலி தோட்டாக் கூடு கெடச்சாலே தொடாம நகந்துடுங்க, உயிருள்ள குண்டு மாதிரி தெரிஞ்சா போலீசுக்கு சொல்லுங்க. ரயில் பாதை ஓரம் ரயில்வே இடம்.

அப்புறம் மலை உச்சியில இருக்கிற அந்த காலத்து ஈமச்சின்னங்கள், கல்வட்டம், கல்திட்டை, அது பக்கம் காயில கொண்டு போறவன நான் ஆளாவே மதிக்க மாட்டேன். நீலகிரியோட முதல் கமிஷனர் பிரீக்ஸ்னு ஒரு வெள்ளக்காரர், அவர் பேர்ல ஊட்டில ஸ்கூல் கூட இருக்கு, 1870-கள் தொடக்கத்துல இந்த கல்வட்டங்கள தோண்டினார், வெண்கல கிண்ணம், தங்க நகைன்னு என்னென்னமோ வந்துச்சு, அதுல சிலது இப்ப லண்டன்ல பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு, நம்ம மலை சாமான பாக்க நாம விசா எடுக்கணும். பழனி மலைல தாண்டிக்குடி பக்கமும் இதே மாதிரி கல்திட்டைகள் இருக்கு. மிச்சம் இருக்கிறதயாவது படிச்சவங்க முறையா தோண்டட்டும், எந்த மண் அடுக்குல எது இருந்துச்சுன்னு தெரியாம வெளிய எடுத்த பொருள் பாதி ஊமை.

மெஷின் வச்சிருக்கேன்னு தெரிஞ்சதுல இருந்து ராத்திரி பத்து மணிக்கு எல்லாம் போன் வருது. "தம்பி, கோயில் பின்னாடி ஒரு இடம் இருக்கு, சாமியார் பாத்துட்டார்", "இரிடியம் காட்டுமா உங்க மெஷின்", இப்படி. இரிடியம் கலசம்னு சொல்றவன் எல்லாம் ஃபிராடு, என் மெஷின் காட்டுறது பெரும்பாலும் டாஸ்மாக் மூடின்னு சொல்லிட்டு வச்சிடுவேன். அஞ்சு கிலோமீட்டர் தூரத்துல இருக்கிற தங்கத்த காட்டும்னு ஆன்டெனா வச்ச ஒரு டப்பாவ லட்சக்கணக்குல விக்கிறாங்க, அதுல பௌதிகமும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, வாங்காதீங்க.

கெடச்சத என்ன பண்றதுன்னு ஒண்ணு பாக்கி. தேயிலை மண்ணு புளிச்ச மண்ணு, பிஹெச் நாலரை அஞ்சுன்னு தான் இருக்கும், அதோட வருஷா வருஷம் உரம், அதனால செம்பு காசு அரிச்சு போய், மேல் பூச்சு மெல்லிசா பச்சையா இருக்கும், எழுத்து அந்த பூச்சுல தான் நிக்கும். வீட்டுக்கு கொண்டு வந்ததும் அம்மா செம்பு குடம் தேய்க்கிற மாதிரி புளியும் சாம்பலும் போட்டு பளபளன்னு ஆக்கி குடுப்பாங்க, ரொம்ப பாசத்தோட, காசுல ராஜா மூக்கே இருக்காது. சாதா தண்ணில, இல்ல பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்ட் வாட்டர்ல ஊற வச்சு, மண்ணு தானா விடுற வரைக்கும் தண்ணிய மாத்தி மாத்தி விடுங்க, அப்புறம் மூங்கில் குச்சியால மெதுவா தள்ளுங்க. அலுமினிய காசுல வெள்ளையா படிஞ்சிருக்கும், அத சுரண்டாதீங்க, கீழ ஓட்டை தான் இருக்கும். இரும்பு சாமான், லாடம், கவாத்து கத்தி மாதிரி, வெளிய எடுத்த கொஞ்ச நாள்லயே பொருபொருன்னு உதிர ஆரம்பிக்கும், வச்சுக்கணும்னு ஆசை இருந்தா நல்லா காய வச்சு மெழுகு ஒரு கோட் குடுங்க. குப்பைய திரும்ப அதே பொத்தல்ல போட்டு மூடாதீங்க, அடுத்த தடவ அதே மூடிய நீங்களே தான் தோண்டுவீங்க, இடுப்புல ஒரு பை கட்டிக்கிட்டு அதுல போட்டு கொண்டு வந்துடுங்க. பொத்தல மூடி காலால அமுக்கணும், நம்ம சரிவுல திறந்து விட்ட பொத்தல்ல மழைத்தண்ணி இறங்கினா செடி தூரே ஆடிடும், அப்புறம் தோட்டத்துக்காரர் ரெண்டாவது தடவ உள்ள விட மாட்டார்.